ஆமாம் போட்ட நூல்

முடிதிருத்தும் கடையில் பாதிக் கன்னம் நுரையோடு இருக்கும்போதே அவர் எழுந்துவிட்டார். "ஒரு நிமிஷம் இருங்க" என்று கத்தி பிடித்த கையை ஓரமாகத் தள்ளினார். சட்டைப் பையிலிருந்து ஒரு நூலை உருவி, எதிரே மாட்டியிருந்த பெரிய கண்ணாடியின் மேல் மூலையில் ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார். மறுமுனையைக் குறுக்காகக் கீழ் மூலைக்கு இழுத்து, மூலை வந்த இடத்தில் நூலை நகத்தால் கிள்ளினார். கிள்ளிய பிடி விடாமல் மற்ற இரண்டு மூலைகளுக்கும் கொண்டுபோனார். நகம் மூலையைத் தாண்டி வெளியே நின்றது.

"நெனச்சேன். அண்ணே, உங்க கண்ணாடிச் சட்டம் கோணல். நான் ஒரு பக்கமா சாஞ்சு உக்காருறேன்னு திட்டிக்கிட்டே இருந்தீங்களே, இப்போ தெரியுதா யாரு சாஞ்சிருக்காங்கன்னு?"

"தெரிஞ்சுக்கிட்டேன். உக்காருங்க, இன்னொரு கிருதாவை எடுக்கணும். அதையும் நூல் புடிச்சுப் பாத்துட்டுத்தான் விடுவீங்களா?"

"குடுத்தா பாக்கறேன்."

தெருவில் அவருக்கு நூல்கண்டு என்று பெயர். தொழில் வெல்டிங். ஜன்னல், கதவு, மேசைக்கால், பெயர்ப்பலகைச் சட்டம் என நான்கு மூலை உள்ள எதையும் செய்வார். வட்டமாக எதையாவது கேட்டு வந்தால் முகம் கொஞ்சம் வாடும். "வட்டத்துல என்னங்க இருக்கு? அதுல தப்பு பண்ணினா ஒளிஞ்சுக்க மூலைகூட இல்ல" என்பார். அது பாராட்டா குறையா என்று இதுவரை யாருக்கும் விளங்கவில்லை.

உலகத்தில் உள்ள சட்டங்கள் எல்லாம் சரியாகச் செங்கோணத்தில் நிற்கின்றன என்று நம்பித்தான் நாமெல்லாம் நிம்மதியாகத் தூங்குகிறோம். நூல்கண்டுவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மருத்துவரைப் பார்க்கப் போனால் மருந்துச் சீட்டை வாங்கும் முன் அந்த அறைக் கதவைப் பார்ப்பார். புது வீடு கட்டியவர்கள் அவரை விருந்துக்குக் கூப்பிடுவது குறைந்துவிட்டது. கூப்பிட்டாலும், வீட்டுக்காரர் பரிமாறுகிற சாக்கில் அவருடைய சட்டைப் பைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்றுகொள்வது வழக்கம்.

இடது புருவத்தில் பாதிதான் இருக்கிறது. மீதியை ஒரு தீப்பொறி கொண்டுபோய்விட்டது. சட்டைகளின் நெஞ்சுப் பக்கம் முழுக்கப் பொறி விழுந்த பொத்தல்கள். வேடிக்கை என்னவென்றால் அவர் மனைவி தையல்காரர். ஊரார் துணியில் ஒரு பிரி நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் பொறுக்காதவர், கணவரின் சட்டையை மட்டும் சல்லடையாகவே விட்டுவைத்திருக்கிறார். கேட்டால், "அடைச்சுக் குடுத்தா மறுநாளே பக்கத்துல புதுசா நாலு போட்டுக்கிட்டு வராரு. நட்சத்திரத்தையெல்லாம் எண்ணி ஒட்டுப் போட முடியுமா?" என்பார்.

பட்டறை வீட்டுக்குப் பின்னால். பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. யாரோ சமையலறையை இடித்தபோது தூக்கிப்போட்ட நீளமான கல் பலகை, அதுதான் வேலை மேசை. ஒரு மூலை உடைந்திருந்தாலும் தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கமும் ஓடாது. இரும்பை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புகள் உண்டு, ஒன்றுக்கொன்று சொந்தபந்தமில்லாத முகங்கள். ஒன்று உடைந்த கட்டிலில் பிறந்தது, இன்னொன்று தையல் மெஷின் காலில். மரத்துண்டில் சீவிய ஆப்புகள் ஒரு டப்பா நிறைய. வெல்டிங் மெஷின் மட்டும் கடையில் வாங்கியது. அது வேலை செய்யும்போது வயிற்றுவலிக்காரர் மாதிரி முனகும்.

சுவரில் ஓர் இரும்பு ஜன்னல் மாட்டியிருக்கிறது. அதன் வழியே வெளியே எதுவும் தெரியாது, ஏனென்றால் பின்னால் சுவர்தான் இருக்கிறது. அது காட்சிப்பொருள். மனைவியின் அக்காவைக் கட்டியவர், அதாவது நூல்கண்டுவின் சகலை, தொழிலுக்கு வந்த புதிதில் செய்த முதல் ஜன்னல். கோணல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் வாயால் விளக்காமல் இதைக் காட்டுவார்.

அந்தச் சகலை இன்று பெரிய ஆள். பிரதான சாலையில் பட்டறை, ஒரு லாரியை நிறுத்தலாம் போன்ற இரும்பு மேசை, காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் மூலைமட்டங்கள், பொத்தானை அழுத்தினால் சுவரில் சிவப்புக் கோடு போடும் லேசர் கருவி. இருவரும் சந்தித்தால் குசலம் விசாரிப்பது இப்படி இருக்கும்:

"என்ன சகலை, நூலுக்குச் சார்ஜ் போட்டாச்சா?"

"அது ஆச்சு சகலை. உங்க மெஷினுக்குக் கரண்ட் வந்துச்சா?"

நூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். செருப்புத் தைக்கிற மெழுகு நூல், முறுக்கேறியது, எவ்வளவு இழுத்தாலும் இம்மி நீளாது. டேப் இல்லையா என்றால் இருக்கிறது. குழாயை வெட்டுவதற்கு டேப்தான். ஆனால் மூலை பார்க்க நூல் மட்டும்தான். "டேப்புல நம்பர் இருக்கு. நம்பரைப் பாத்தா மனுசனுக்கு ஒரு சபலம் வரும், ஒரு கோடு அப்படி இப்படி இருந்தா போகட்டும்னு. நூல்ல நம்பர் கிடையாது. எவ்வளவுன்னு எவன் கேட்டான்? குறுக்கு ரெண்டும் ஒண்ணா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி."

அவருடைய முறையும் இதே ரகம். எதிரெதிர்ப் பக்கக் குழாய்களைச் சேர்த்துக் கட்டி ஒரே வெட்டாக வெட்டுவார். ஒன்று தவறினாலும் இரண்டும் சேர்ந்து தவறும், சண்டை வராது. கல்மேல் அடுக்கி, கிளாம்ப் போட்டு, மூலைக்கு ஒரு பொட்டு மட்டும் வெல்டிங் வைப்பார். பிறகு நூல். எந்தக் குறுக்கு நீளமோ அந்த மூலையில் சுத்தியலால் செல்லமாக ஒரு தட்டு. மறுபடி நூல், மறுபடி தட்டு. இரண்டு குறுக்கும் ஒன்றான பிறகுதான் முழு வெல்டிங். அதையும் ஒரே மூலையில் உட்கார்ந்து முடிக்க மாட்டார். இங்கே கொஞ்சம், எதிர்மூலையில் கொஞ்சம், நடுவில் ஆறவிடுவார். "சூடான இரும்பு மாமியார் வீட்டுக்குப் போன மாப்பிள்ளை மாதிரி. எந்தப் பக்கம் கவனிப்பு அதிகமோ அந்தப் பக்கம் சாஞ்சிடும். எல்லா மூலையையும் சமமா கவனிக்கணும்."

இப்படிப்பட்டவருடைய மனைவி தெருமுனையில் சொந்தமாகத் தையல் கடை போட்டார். இத்தனை காலம் வீட்டு முன்னறையில், துணிக்கும் அடுப்புக்கும் நடுவே தைத்துக்கொண்டிருந்தவர். கடை சின்னதுதான், ஆனால் தெருவைப் பார்த்து ஒரு கண்ணாடி முகப்பு வேண்டும் என்பதில் பிடிவாதம். குட்டிக் கவுன்களைக் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டால் போகிற வருகிற அம்மாக்கள் நின்று பார்க்க வேண்டாமா?

அக்கா சும்மா இருப்பாரா? "சட்டத்தை எங்க வீட்டுக்காரர்கிட்ட விட்டுடுடி. மெஷின்ல போட்டா கத்தி மாதிரி வந்துடும். இவரு கயிறு கட்டி அளந்துக்கிட்டு இருப்பாரு."

தங்கை அசரவில்லை. "எங்க வீட்டுக்காரர் எதுல வேணா கோணல் பண்ணுவாரு, மூலையில பண்ண மாட்டாரு. திறப்பு அன்னைக்கு மாமாவோட சிவப்பு லைட்டையும் கொண்டாரச் சொல்லு. அடிச்சுப் பாத்துக்கட்டும்."

அதைக் கேட்டுக்கொண்டிருந்த நூல்கண்டுவுக்குக் காது வரை சிவந்தது. கல்யாணமான நாளிலிருந்து மனைவி வாயால் அவர் வாங்கிய முதல் நற்சான்று அது. இனி அந்தச் சட்டம் வெறும் சட்டமல்ல, நாலு பேர் முன்னால் மனைவி கொடுத்த வாக்கு.

திறப்புக்கு முந்தின நாள் மதியம் சட்டத்தை அடுக்கிவிட்டுப் பையைத் துழாவினார். நூல் இல்லை. டப்பாவில் இல்லை, கல்லுக்கடியில் இல்லை. மனைவியோ கடையைப் பெருக்கப் போயிருக்கிறார். கண்ணாடிக்காரர் சாயங்காலம் கண்ணாடியோடு வந்துவிடுவார். அவசரத்தில் முன்னறைக்குப் போய் மனைவியின் கூடையில் கைக்குக் கிடைத்த சிவப்பு நூலை ஒரு முழத்துக்கு நாலு முழமாக அறுத்துக்கொண்டு வந்தார்.

பொட்டு வைத்தார். நூல் பிடித்தார். முதல் பிடியிலேயே இரண்டு குறுக்கும் ஒன்று! ஒரு தட்டுகூடத் தட்ட வேண்டியிருக்கவில்லை. சுத்தியலைப் பார்த்து, "உனக்கு இன்னைக்கு லீவு" என்றார். தன் கை அந்த அளவுக்குத் தேறிவிட்டதென்று நம்பி, சீட்டியடித்தபடி முழு வெல்டிங்கையும் முடித்தார். ஒருவருக்கு ஒரு வேலை தட்டாமல் கொள்ளாமல் முதல் தடவையே சரியாக வந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் சந்தோஷமாக இருக்கிறவர்களுக்குச் சந்தேகப்பட நேரம் ஏது?

சாயங்காலம் கண்ணாடிக்காரர் வந்தார். மனைவியும் பின்னாலேயே வந்தார். கல்மேல் கிடந்த சட்டத்தில் கண்ணாடியை இறக்கினார்கள். ஒரு மூலை உட்கார்ந்தது. எதிர்மூலை உட்கார மறுத்து வெளியே எட்டிப் பார்த்தது. திருப்பிப் போட்டார்கள். அப்போதும் சட்டத்தின் அதே மூலையில்தான் எட்டிப் பார்த்தது.

"கண்ணாடி கோணல்" என்றார் நூல்கண்டு.

"யாரைப் பாத்து என்ன சொல்றீங்க?" என்று கண்ணாடிக்காரர் சிலிர்த்துக்கொண்டார். "நூல் போட்டுப் பாருங்க!"

போட்டார். கண்ணாடியின் குறுக்கு இரண்டும் ஒன்று. சட்டத்துக்குப் போட்டார். அதுவும் ஒன்று. இரண்டும் நேர், ஆனால் ஒன்றுக்குள் ஒன்று போக மாட்டேன் என்கிறது. நூல்கண்டு கல்லைச் சந்தேகப்பட்டார். குனிந்து தரையைச் சந்தேகப்பட்டார். ஒரு கட்டத்தில் நிமிர்ந்து சூரியனைக்கூட ஒரு மாதிரி பார்த்தார்.

மனைவி சுவரில் மாட்டியிருந்த சகலையின் ஜன்னலைக் காட்டினார். "அதை அளங்க."

"அதை எதுக்கு? அது ஊரறிஞ்ச கோணல்."

"அளங்கன்னா."

அளந்தார். நகம் மிகச் சரியாக மூலையில் வந்து நின்றது. மறுபடி அளந்தார். மறுபடியும் நின்றது.

"அப்போ உங்க சகலை ஜன்னலும் நேருதானா?" என்று கண்ணாடிக்காரர் கேட்டார். விஷமமெல்லாம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் இன்னும் வலித்தது.

மனைவி அவர் கையிலிருந்து நூலை வாங்கினார். இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தார், நீண்டது. விட்டார், சுருங்கியது. "இது ஸ்வெட்டர் பின்ற கம்பளி நூல். எதை வெச்சு அளந்தீங்கன்னு பாக்கவே மாட்டீங்களா? இது யாரு எப்படிக் கேட்டாலும் ஆமாம்னு சொல்ற நூலுங்க."

நூல்கண்டு கல்மேல் உட்கார்ந்துவிட்டார். இத்தகைய நூல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெரிய பெரிய இடங்களில் ஆண்டுக்கணக்காகக் காலம் தள்ளுகிறவர்கள் உண்டு. இவருக்கு ஒரு மதியமே தாங்கவில்லை.

"என் நூல் எங்கதான் போச்சு?"

மனைவி தொண்டையைச் செருமினார். "கடையில கவுன் மாட்ட கொடி கட்டினேன். நல்லா விறைப்பா இருந்துச்சு... உங்க பையிலதான் இருந்துச்சு."

"என் நூல்லயா கவுன் தொங்குது?"

"சரி, பாதித் தப்பு என்னோடது. மீதிப் பாதியை நீங்க வெச்சுக்குங்க."

நூல்கண்டு சட்டைப் பையில் கைவிட்டுப் போனை எடுத்தார். பிறகு, ஒரு பல்லைப் பிடுங்கிக் கொடுப்பதுபோல, "சகலைக்குப் போன் போடட்டுமா? சட்டம் ஒண்ணு ரெடியா வெச்சிருப்பாரு. நாளைக்குத் திறப்பு. உன் கடை நிக்கக் கூடாது" என்றார்.

இருபக்கமும் கூர்மையான ஒரு பார்வை பார்த்தார் மனைவி. "போட்டா நாளைக்குக் கடை திறக்கும். எங்கக்கா வாயை யாரு மூடறது? பேரப்பிள்ளைங்க கல்யாணம் வரைக்கும் சொல்லிக்காட்டுவா. எந்திரிங்க. தையல்ல தப்பு வந்தா நான் துணியைத் தூக்கியா போடறேன்? பிரிச்சுத் தைக்கறேன். இரும்பைப் பிரிக்க முடியுமா முடியாதா?"

"பிரிக்கலாம்" என்றார் நூல்கண்டு. சொன்னதும் பாதிப் புருவம் கொஞ்சம் உயர்ந்தது. "பிரிச்சுத் தைக்கலாம்."

மனைவி கடைக்கு ஓடிப்போய்க் கவுன்களை இறக்கிவிட்டு மெழுகு நூலோடு வந்தார். அது உண்மையைச் சொன்னது: ஒரு குறுக்கு மற்றதைவிட நல்ல இரண்டு விரல் நீளம். நூல்கண்டு ஒவ்வொரு மூலையிலும் வெல்டிங்கை ரம்பத்தால் அறுத்து, வெளிவிளிம்பில் மட்டும் கொஞ்சம் ஒட்டியிருக்கும்படி விட்டார். நீளமான குறுக்கின் இரண்டு மூலைகளையும் சேர்த்து ஒரு கயிற்றை இரட்டையாகக் கட்டினார். கயிற்றின் நடுவில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி மனைவி கையில் கொடுத்தார்.

"முறுக்கு."

கம்பி சுற்றச் சுற்றக் கயிறு முறுக்கேறி, மூலைகள் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று நகரத் தொடங்கின. கண்ணாடிக்காரர் கூலிக்கு வந்ததை மறந்து சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா முறுக்கறதைப் பாத்தா எனக்கே பயமா இருக்கு."

"எனக்குப் பழகிடுச்சு" என்றார் நூல்கண்டு, நூலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பேசாம அளங்க. போதுமா?"

"இன்னும் பாதிச் சுத்து."

"ஒண்ணாயிடுச்சே, எனக்கே தெரியுது."

"ஒண்ணானா போதாது. கயித்தை விட்டா இரும்பு கொஞ்சம் பழைய இடத்துக்கே திரும்பிப் போகப் பாக்கும். அதனால ஒரு மயிரிழை தாண்டி இழுத்து வைக்கணும்."

"உங்களை மாதிரின்னு சொல்லுங்க."

பாதிச் சுற்று. மூலைக்கொரு பொட்டு. பிறகு இங்கே கொஞ்சம், எதிர்மூலையில் கொஞ்சம் என்று வெல்டிங். ஒவ்வொரு தடவையும் ஆறும் வரை மூன்று பேரும் சட்டத்தைச் சுற்றி நின்றார்கள், பால் பொங்கிவிடுமோ என்று அடுப்பைப் பார்க்கிறவர்கள் மாதிரி. கயிற்றை அவிழ்த்தார். நூல் பிடித்தார். நகம் மூலையில் நின்றது. நம்பாமல் சுவர் ஜன்னலுக்கும் அதே நூலைப் பிடித்தார். நகம் தாராளமாக வெளியே நின்றது.

"கோணல்!" என்றார் நூல்கண்டு. அந்த வார்த்தையை அவ்வளவு சந்தோஷமாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கண்ணாடியை இறக்கினார்கள். மூச்சு விடுகிற சத்தம் போல ஒன்று கேட்டது, உள்ளே உட்கார்ந்துவிட்டது. தெருவிளக்கு எரிகிற நேரத்துக்குச் சட்டம் கடை முகப்பில் ஏறிவிட்டது.

மறுநாள் காலை அக்கா வந்தார். சகலை வந்தார், சொன்னபடி சிவப்பு லைட்டோடு. வந்தவர் உட்காரக்கூட இல்லை. கருவியை வைத்தார், பொத்தானை அழுத்தினார். சிவப்புக் கோடு சட்டத்தின் விளிம்போடு ஒட்டிக்கொண்டே மேலே போய், மூலையில் திரும்பி, குறுக்கே ஓடியது. சகலை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அப்புறம் அந்தக் கண்ணைத் திறந்து மற்றதை மூடிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார், நல்லாத்தான் என்பதில் உள்ள 'தான்' தொண்டையில் சிக்க.

அக்காவின் பார்வை கண்ணாடிக்கு உள்ளே போயிருந்தது. "ஏன்டி, கொடியைக் கொஞ்சம் இழுத்துக் கட்டக் கூடாதா? கவுனெல்லாம் தரையைத் தொட்டுடும் போலருக்கு!"

உண்மைதான். சிவப்புக் கம்பளி நூலில் குட்டிக் கவுன்கள் எல்லாம் நடுவில் சரிந்து, ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கின.

"அது அப்படித்தான்க்கா" என்றார் தங்கை, உதட்டில் குண்டூசிகளோடு, கணவரைப் பார்க்காமல். "ரொம்ப நல்ல நூல். யாரு தொங்கினாலும் எறங்கிக் குடுத்துடும்."

நூல்கண்டு திடீரென்று தெருவை வேடிக்கை பார்த்தார்.

"சரி சகலை, லைட்டு சொன்னது இருக்கட்டும்" என்றார் சகலை, விட மனசில்லாமல். "உங்க நூல் என்ன சொல்லுதுன்னும் கேட்டுடுவோம். எடுங்க. ஒரு முனையை நான் புடிக்கறேன்."

நூல்கண்டு சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்தார். வழக்கமாக நேராக மூலைக்குப் போகும் கை அன்று போகவில்லை. இரண்டு முனைகளையும் இரண்டு முஷ்டியில் சுற்றிக்கொண்டு, நெஞ்சுக்கு நேரே வைத்து வெடுக்கென்று இழுத்தார்.

"என்ன சகலை, சட்டத்தை அளக்கச் சொன்னா நூலை அளக்கறீங்க?"

நூல்கண்டு முஷ்டியைத் தளர்த்தி, நூலைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை இழுத்தார்.